அடுப்பு மூட்டாத பண்டிகை

ஏசுநாதர் பிறந்ததற்காக என்னைப் போலச் சந்தோஷப்பட்ட இந்து இந்தக் கடலூர் மாவட்டத்தில் வேறு எவளும் இருக்க முடியாது. காரணம் பக்தி இல்லை. வருஷத்தில் எனக்கு இருக்கிற ஒரே லீவு கிறிஸ்துமஸ்தான்.

பொங்கலும் லீவுதானே என்று கேட்கிறவர்கள் ஆண்பிள்ளைகளாக இருப்பார்கள். போகியன்று விடியலில் வீட்டைக் கழுவ ஆரம்பித்தால், காணும் பொங்கல் முடிந்து நாத்தனார் குடும்பம் பஸ் ஏறும்வரை நான் உட்காருவதில்லை. தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே முறுக்கு அச்சோடு என் தோள்பட்டை போய்விடும். ஆயுத பூஜைக்கு அரிவாள்மனை, மிக்ஸி, தையல் மெஷின், என் வீட்டுக்காரரின் பைக் என்று எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்துப் படைக்க வேண்டும். ஆயுதங்களுக்கெல்லாம் அன்றைக்கு ஓய்வு. துடைக்கிறவளுக்குக் கிடையாது, அவள் ஆயுதத்தில்கூடச் சேர்த்தி இல்லை.

கிறிஸ்துமஸ் அப்படி இல்லை. எண்ணெய்க் குளியல் இல்லை, படையல் இல்லை, "எங்க காலத்துல" என்று மாமியார் ஆரம்பிக்க அதில் ஒரு முறையும் இல்லை. எட்டு மணிக்கு எழுந்து, பல் தேய்க்காமல் காபி குடித்து, மறுபடி படுக்கலாம். மத்தியானம் இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஜான்சி வீட்டிலிருந்து ஒரு பெரிய தூக்கில் பிரியாணி வந்துவிடும். சாப்பிட்டுவிட்டு மூன்றாவது முறை படுக்கலாம்.

என் பெயர் புஷ்பவள்ளி. வீடு முதுநகரில். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மருந்து ஏஜென்சியில் பில் போடுகிறேன். கடைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் மொத்தமாக மருந்து அனுப்புகிற இடம். பக்கத்துக் கம்ப்யூட்டரில் ஜான்சி. பேக்கிங்கில் கொளஞ்சி அக்காவும் வெண்மதியும். ஜான்சியை விட்டால் எங்கள் கம்பெனியில் கிறிஸ்தவர் கிடையாது. ரம்ஜானுக்காக ஒரு பாயம்மாவும் வேலைக்குச் சேர்ந்தால் தேவலை என்று எங்களுக்குள் ஓர் ஆசை உண்டு.

இந்த லீவு எங்களுக்கு வந்த சரித்திரம் பெரிது. தேவனாம்பட்டினத்தில் கோட்டையைப் பிடித்துக் குந்தியிருந்த வெள்ளைக்காரன் தன் பண்டிகைக்குத் தன் கச்சேரியை மூடினான். அவன் மூடியதால் கோர்ட்டும் மூடியது, குமாஸ்தாவும் வீட்டுக்குப் போனான். பிறகு வெள்ளைக்காரன் கப்பலேறினான். எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு போனவன் லீவை மட்டும் வைத்துவிட்டுப் போனான். சுதந்திரம் வாங்கியவர்கள் தெருப் பெயரை மாற்றினார்கள், சிலைகளை எடுத்தார்கள், லீவில் ஒருத்தரும் கை வைக்கவில்லை. லீவு வேண்டாம் என்று சொல்ல இந்த நாட்டில் ஓர் ஆள் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

ஆனால் அதெல்லாம் சர்க்கார் ஆபீசுக்கு. எங்களைப் போன்ற தனியார் கம்பெனிக்குக் கதையே வேறு. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகியவை கட்டாயம். அதற்கு மேல் ஐந்து பண்டிகை நாள். எந்த ஐந்து என்பதை முதலாளியும் வேலை செய்கிறவர்களும் பேசி வைத்துக்கொள்ள வேண்டியதுதான். எங்கள் பெரிய முதலாளி பொன்னுரங்கம் பொங்கலுக்கு இரண்டு நாள், ஆயுத பூஜை, தீபாவளி என்று நான்கைச் சொல்லிவிட்டு ஐந்தாவதாகக் கிறிஸ்துமஸைப் போட்டார். ஏசு மேல் பிரியம் என்று நினைத்துவிடக் கூடாது. அன்றைக்கு மெட்ராஸ் டெப்போக்கள் மூடியிருக்கும், சரக்கு லாரி வராது. லாரி வராத நாளில் இவளுகளுக்கு டீ வாங்கிக் கொடுப்பானேன் என்ற கணக்கு. ஏசு மாட்டுத் தொழுவத்தில் பிறந்தார், எங்கள் கிறிஸ்துமஸ் லீவு லாரி ஷெட்டில் பிறந்தது.

அந்த லீவுக்குத்தான் இந்த வருஷம் ஆபத்து வந்தது. பெரியவர் ஓய்வெடுத்துக்கொண்டு மகன் ஸ்ரீதரிடம் பொறுப்பைக் கொடுத்திருந்தார். ஸ்ரீதர் சிதம்பரத்தில் ஒரு கிளை திறந்து, செம்பியன் என்பவரை அதற்கு இன்சார்ஜ் போட்டார். செம்பியன் ஆருத்ரா தரிசனத்துக்கு லீவு கேட்டார். நவம்பர் கடைசியில் எங்களையெல்லாம் பஸ் ஏற்றி, சிதம்பரம் மேலவீதியில் இருக்கிற கிளையில் கூட்டம் போட்டார்கள். சலைன் பெட்டிகள்தான் நாற்காலி.

செம்பியன் எழுந்தார். நெற்றி நிறையத் திருநீறு.

"தரிசனம் சாமி கணக்குல வருது சார், காலண்டர் கணக்குல வர்றதில்ல. ஒரு வருஷம் வராமலே போயிடும். இந்த வருஷம் ரெண்டு தடவ. ஜனவரில வந்தத விட்டுக் குடுத்தோம். இப்ப டிசம்பர்ல கிறிஸ்துமசுக்கு மொத நாளே வருது. தேரு, தரிசனம்னு நாலு வீதியிலயும் ஜனம். வண்டி உள்ள வராது. கடையத் தொறந்து வச்சிகினு யாருக்கு சார் மாத்திர விக்கிறது? கலெக்டரே லீவு விடுறாரு!"

வண்டி வராது என்றதும் ஸ்ரீதர் முகம் மாறியது. அப்பனுக்கு லாரி, பிள்ளைக்கு வேன்.

"வருசத்துல மிச்சம் இருக்கறது ஒரே லீவு," என்றார். "ரெண்டும் குடுக்க முடியாது. கம்பெனின்னா ஒரே லிஸ்ட்தான். கிறிஸ்துமசுக்கு நம்மகிட்ட ஒரே ஒரு ஆளு. அதுக்காக மொத்தக் கடையையும் மூடணுமா?"

உடனே நான் எழுந்துவிட்டேன்.

"சார், ஒரே ஆளுன்னு சொல்லாதீங்க. எண்ணிக்கைய வச்சா ஞாயம் பாக்கறது? ஜான்சி நம்ம தங்கச்சி மாதிரி. வருஷம் பூரா நம்ம பண்டிகைக்கெல்லாம் அவ சேந்து சந்தோஷப்படுறா. அவளுக்குன்னு இருக்கறது ஒரு நாளு. அதையும் புடுங்கினா நாளைக்கு அந்த ஏசு மொகத்துல நாம எப்படி முழிப்போம்? சிறுபான்மை மக்கள் வயித்தெரிச்சல் நமக்கு எதுக்கு சார்?"

பேசப் பேச எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. என் வாயில் இவ்வளவு மத நல்லிணக்கம் இருந்தது எனக்கே தெரியாது. கொளஞ்சி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் அந்த ஒரு நாள்தான் லீவு. வெண்மதி கை தட்டினாள். ஜான்சி மட்டும் சலைன் பெட்டியின் ஸ்டிக்கரை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தாள்.

ஸ்ரீதர் தடுமாறிவிட்டார். "நீயே சொல்லும்மா ஜான்சி. ஒனக்கு என்ன வேணும்?"

ஜான்சி எழுந்து நின்றாள். "எனக்குக் கிறிஸ்துமஸ் லீவு வேணாம் சார். அன்னைக்கு நான் வேலைக்கு வர்றேன்."

லீவு வேண்டாம் என்று சொல்ல இந்த நாட்டில் பிறக்க வேண்டிய ஆள் பிறந்தாகிவிட்டது, அதுவும் என் பக்கத்து நாற்காலியில். செம்பியன், "இதான் சார் பெருந்தன்மை!" என்று கும்பிடே போட்டார். ஸ்ரீதர், "அப்புறம் என்ன, அவளே வேணாங்குறா," என்று எழுந்துகொண்டார்.

பஸ் ஸ்டாண்டில் நான் ஜான்சியோடு பேசவில்லை. வேர்க்கடலை வாங்கினேன், அவளுக்குக் கொடுக்கவில்லை. ஆனால் கடலூர் பஸ்ஸில் அவள் என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தாள். புதுச்சத்திரம் வரைக்கும் தாங்கினேன்.

"ஏன்டி, நான் தொண்டத் தண்ணி வத்தக் கத்துறேன். நீ கவுத்துட்டுப் போற. கிறிஸ்துமஸ் வேணாங்குற நீயெல்லாம் ஒரு கிறிஸ்தவளா?"

"கோயிலுக்குப் போவாம இருப்பனாக்கா? ராத்திரி பூசையில ஏசுவப் பாத்து நல்லாக் கும்பிட்டுட்டுதான் வருவேன். அது எனக்கு வேணும். விடிஞ்சா நான் பாக்கறது ஏசுவ இல்ல. தேக்சாவ."

பிரியாணி செய்கிற பெரிய பாத்திரத்தைச் சொன்னாள். பிறகு நிறுத்தவில்லை.

"வூட்டுக்காரரோட அண்ணன் தம்பிங்க குடும்பம், நாத்தனாருங்க குடும்பம், எல்லாம் எங்க வூட்டுலதான். பூசை முடிஞ்சி வந்து பொடவையக்கூட மாத்த மாட்டேன், வெங்காயம் உரிக்க குந்திடுவேன். எல்லாரும் எழுந்து புதுத்துணி போட்டு ஃபோட்டோ எடுப்பாங்க. என்னையும் கூப்புடுவாங்க, கரண்டியோட போயி நிப்பேன். அஞ்சு வருஷ ஃபோட்டோவுல ஒண்ணுலயாவது நான் தலை சீவியிருக்கனா பாருங்க. தெருவுக்கெல்லாம் வேற குடுத்தனுப்பணும். கடேசில எனக்கு மிஞ்சறது அடி புடிச்ச சோறு." என் கையிலிருந்த கடலைப் பொட்டலத்தைப் பார்த்தாள். "ஒங்களுக்குத்தாங்கா அது லீவு. எனக்குக் கம்பெனியில லீவு இல்லன்னா வூட்டுல ஒரு வார்த்த பேச முடியாது. மருந்துக் கம்பெனி, அவசரம்னு சொல்லிடுவேன்."

"அப்ப ஒனக்கு லீவே இல்லியா?"

"ஏன் இல்ல? தீபாவளி இருக்கே." முகம் மலர்ந்துவிட்டது. "வெடிச் சத்தத்துலயும் தூங்குவேன். காலையில ஒங்க வூட்டுலேர்ந்து இட்லி, கறிக்கொழம்பு, அதிரசம்னு வந்துரும். தின்னுட்டு டிவி பாப்பேன். தீபாவளி மாதிரி ஒரு பண்டிக உண்டாக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. அந்த இட்லிக்கு முதல் நாள் மாவு அரைத்து, விடியுமுன் எழுந்து, மசாலா வறுத்தவள் நான். இவள் படுத்துக்கொண்டு தின்றிருக்கிறாள்! கொஞ்ச நேரம் கோபமாக இருந்தேன். ஆலப்பாக்கம் வந்ததும் கோபம் போய் மூளை வேலை செய்தது. எனக்குக் கிறிஸ்துமஸ் லீவு வேண்டும், அவளுக்கு வேலை வேண்டும். இதில் சண்டை எங்கே இருக்கிறது?

பஸ்ஸிலிருந்தே ஸ்ரீதருக்குப் போன் போட்டேன். "சார், ரெண்டு ஊருக்கும் எதுக்கு ஒரே லிஸ்ட்டு? சிதம்பரத்துக்குத் தரிசனம் குடுங்க, கடலூருக்குக் கிறிஸ்துமஸ் இருக்கட்டும். அன்னைக்கு ஆஸ்பத்திரிங்களுக்கு அவசர மருந்து வேணும்னா என்ன பண்றதுன்னு கேக்கறீங்களா? ஜான்சி எமர்ஜென்சி டூட்டி பாக்கறேங்குறா. மத்த ஏஜென்சியெல்லாம் மூடிக் கெடக்கும், நம்ம ஷட்டர் மட்டும் தொறந்திருக்கும்."

மற்ற ஏஜென்சி மூடிக் கிடக்கும் என்ற இடத்தில் அவர் மடங்கிவிட்டார். அன்று மாலையே ‘பண்டிகை நாளிலும் உங்கள் சேவையில்’ என்று ஸ்டேட்டஸ் போட்டார். பின் சீட்டிலிருந்த கொளஞ்சி அக்கா என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். ஜான்சிக்கு மிச்சக் கடலையைக் கொடுத்தேன்.

கிறிஸ்துமஸ் காலையில் எட்டு மணிக்கு எழுந்தேன். பல் தேய்க்காமல் காபி குடித்தேன். மறுபடி படுத்துப் போர்வையை இழுத்தேன். இரண்டு தெரு தள்ளி மைக்கில் பாட்டு. நான் போராடி வாங்கிய லீவு. காந்தி ஜெயந்திக்குக் காந்தி இருந்திருந்தால்கூட இவ்வளவு நிம்மதியாகப் படுத்திருக்க மாட்டார்.

வாசலில் பைக் சத்தம். ஜான்சியின் வீட்டுக்காரர் ஆரோக்கியதாஸ் புதுச் சட்டையில் நின்றார். ஒரு கையில் கறிப் பை, இன்னொரு கையில் காலித் தேக்சா.

"அக்கா, ஒங்க கம்பெனிக்காரங்க கல் நெஞ்சக்காரங்களா? நல்ல நாளும் அதுவுமா ஜான்சிக்குக் கட்டாய டூட்டி போட்டுருக்காங்க. வூட்டுல எல்லாரும் வந்து குந்திருக்காங்க. அண்ணிங்கல்லாம் விருந்தாளி, அவங்கள எப்படி சொல்றது? நீங்க கொஞ்சம் வந்து பிரியாணியத் தாளிச்சிக் குடுத்துட்டீங்கன்னா..."

நான் வாயைத் திறக்குமுன் என் வீட்டுக்காரர் இளவரசு கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தார். "போயிட்டு வாயேன் வள்ளி. சொம்மாதான படுத்திருக்க? வரும்போது நம்ம தூக்குல நமக்கும் போட்டு எடுத்தாந்துரு."

"அட, ஆமாம்," என்றார் மாமியார் செல்லாயி, உள்ளேயிருந்து. "இந்த வருஷம் தூக்கு வராதில்ல? அப்ப இங்கயும் ஒல வைக்கணும்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். தீபாவளிக்கு முந்தின வாரம் பார்க்கிற பார்வை.

நான் அந்தக் காலித் தேக்சாவைப் பார்த்தேன். கழுவிக் கழுவி ஓரம் நசுங்கியிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, செருப்பால் அடித்த மாதிரி. நான் போர்வைக்குள் படுத்திருந்த ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒருத்தி பட்டுப்புடவையோடு குந்தி வெங்காயம் உரித்திருக்கிறாள். எனக்கு லீவு கொடுத்தது வெள்ளைக்காரனும் இல்லை, பொன்னுரங்கமும் இல்லை, சட்டமும் இல்லை. அது இந்தத் தேக்சாவிலிருந்து தூக்கில் ஏறி என் வீட்டுக்கு வந்திருக்கிறது. அவள் பஸ்ஸில் ‘தெருவுக்கெல்லாம்’ என்று சொன்னபோது, அந்தத் தெரு நான்தான் என்பதுகூடப் புரியாமல் அவளை நான் கிறிஸ்தவளா என்று கேட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட ஆத்திரம் அதிகமாக இருந்தது.

"எனக்கும் எமர்ஜென்சி டூட்டி," என்றேன்.

"ஒனக்கா? லீவுன்னியே?" என்றார் என் வீட்டுக்காரர்.

"இப்பதான் போன் வந்துச்சி. உயிர் காக்கற மருந்துங்க. ஆஸ்பத்திரியில ஜனம் காத்துகினு கெடக்கு. ஒரு வேள பிரியாணிக்காவ நான் ஒரு உயிர வாங்கினா சாமி மன்னிக்குமா?" ஸ்கூட்டி சாவியை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்காரரையும் ஆரோக்கியதாஸையும் பார்த்தேன். "தீபாவளிக்கு மச்சான் மச்சான்னு ரெண்டு பேரும் ஒரே தட்டுல தின்னீங்க இல்ல? ஒரே தேக்சாவுல ஆக்குங்க."

தெரு முனையில் வண்டியை நிறுத்திச் செல்லை அணைத்தேன். திருப்பாதிரிப்புலியூர் தேரடி பக்கம் கடைகள் பாதி மூடியிருந்தன. எங்கள் ஏஜென்சி ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. வெளியே மூன்று ஜோடிப் பெண் செருப்பு.

குனிந்து உள்ளே போனேன். பஞ்சு மூட்டைகளை வரிசையாகப் போட்டு அதன் மேல் கொளஞ்சி அக்கா வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். வெண்மதி நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். ஜான்சி என் நாற்காலியில் உட்கார்ந்து, தன் நாற்காலியில் காலை நீட்டியிருந்தாள். பட்டுப்புடவை. தலை வாரிப் பூ வைத்திருந்தாள். கிறிஸ்துமஸன்று அவளைத் தலை வாரிய கோலத்தில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கையில் பேக்கரி பஃப்ஸ்.

"ஒங்க வூட்டுலயும் தூக்கு வரலியாக்கா?" என்றாள்.

"வரல," என்றேன். கொளஞ்சி அக்காவைக் காட்டி, "இவங்க எப்ப வந்தாங்க?"

"ஒம்பது மணிக்கே. மவன் பிரியாணி கேட்டானாம். எமர்ஜென்சின்னு சொல்லிட்டு வந்துட்டாங்களாம்."

எத்தனை வீடு இவளுடைய தேக்சாவை நம்பியிருந்தது என்று அந்தச் செருப்புகளை எண்ணினாலே தெரிந்துவிடும். இவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மன்னித்துக்கொள் என்று சொன்னால் இரண்டு பேருக்குமே கூச்சமாகிவிடும். அவள் பக்கத்தில் ஒரு சலைன் பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "ஹேப்பி கிறிஸ்துமஸ்டி," என்றேன்.

"ஒங்களுக்கும் ஹேப்பி தீபாவளிக்கா," என்று பஃப்ஸில் பாதியைப் பிட்டுக் கொடுத்தாள்.

சட்டத்தில் இருக்கிற ஒன்பது லீவையும் பார்த்தவள் நான். லீவு என்றால் என்ன என்று அன்றைக்கு அந்தப் பஃப்ஸைத் தின்றபோதுதான் தெரிந்தது. ஊரிலேயே அடுப்பு இல்லாத இடம் அது ஒன்றுதான். வெண்மதி என் கையையும் பிடித்து இழுத்து நகத்துக்குப் பாலிஷ் போட ஆரம்பித்தாள். அடுத்த தீபாவளிக்கும் எமர்ஜென்சி டூட்டி கேட்டுப் பார்த்தால் என்ன என்று மெதுவாகப் பேச்சு எழுந்தது. பொங்கலுக்கும் கேட்கலாம், என்றாள் வெண்மதி. பொங்கலுக்கு யாருக்கும் உடம்புக்கு வராதா என்ன?

அப்போது எமர்ஜென்சி போன் அடித்தது. எடுக்காமல் விடக் கூடாது என்பது ஸ்ரீதர் சாரின் கண்டிப்பு. ஜான்சி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஹலோ, ஜான்சியா?" ஆரோக்கியதாஸின் குரல். பின்னால் ஏதோ பாத்திரம் விழுகிற சத்தம், என் வீட்டுக்காரர் இருமுகிற சத்தம். "அரிசிக்கு எத்தன பங்கு தண்ணி ஊத்தணும்? அடியில வேற கருகற வாசன வருது. இளவரசு மாமா ஒடனே கேக்கச் சொன்னாரு, புஷ்பாக்கா அங்கதான இருக்காங்க?"

ஜான்சி என்னைப் பார்த்தாள். நான் இல்லை என்று சொல்லச் சொல்லித் தலையை ஆட்டினேன்.

"இது எமர்ஜென்சி நம்பருங்க," என்றாள் ஜான்சி, ஆஸ்பத்திரிக்காரர்களிடம் பேசுகிற அதே குரலில். "மருந்து மட்டும்தான் கெடைக்கும். தீப்புண்ணு பட்டுச்சின்னா சொல்லுங்க, களிம்பு அனுப்பறோம்."

போனை வைத்தாள். கொளஞ்சி அக்கா பஞ்சு மூட்டையில் புரண்டு படுத்தார்.